நான் வைத்த மூன்று கல்

முனீஸுக்கு அப்பா எழுதுவது.

கொழும்பில் உன்னை முனீஸ் என்கிறார்கள். அடையாள அட்டையில் முனீஸ்வரன். இங்கே தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இன்னமும் முனியாண்டிதான். எப்படிக் கூப்பிட்டாலும் நீ திரும்பிப் பார்க்கிறாய். அந்த மூன்று பெயருக்கும் ஆதிமூலம் பதினாறு வயசுப் பையன் ஒருவன் செய்த சேட்டை என்பது உனக்குத் தெரியாது. அந்தப் பையன் நான்தான். இந்தக் கடிதம் முடிவதற்குள் நீ என்னைத் திட்டுவாய். திட்டிக்கொண்டே கடைசிவரை வாசித்துவிடு. கோழி கிளறின மாதிரி இருக்கிற இந்தக் கையெழுத்துக்கு நாலு நாள் ஆயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தபோது நான் லீக்ஸ் பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணச் சங்கதி பேசத்தான் எடுக்கிறாய் என்று நினைத்து, கையைக்கூடக் கழுவாமல் காதில் வைத்தேன்.

“அப்பா, கல்யாணத்த நிறுத்திடலாம்னு பாக்குறேன்.”

“ஏன்டா, தர்ஷினி ஏதும் சொன்னிச்சா?”

“அவ ஒன்னும் சொல்லல. எனக்குத்தான் பயமா இருக்கு. அம்மாவ எடுத்த மாதிரி அவளயும் எடுத்துட்டா?”

“யாருடா எடுக்குறது?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்கப்பா.”

எனக்கு எப்போதும் ஒரு பதில் இருக்கும். செத்த வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வருகிறவன் நான். அன்றைக்கு மட்டும், “சிக்னல் போகுதுடா” என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அம்மா உன்னால் சாகவில்லை, தம்பி. நேர்ந்துகொண்ட மணியை நீ கட்டத் தாமதித்ததால் முனி கோபித்து அவளை எடுத்தது என்று நாலு வருசமாக நீ சுமக்கிறாயே, அது உன் சுமை இல்லை. கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

நம் ஆட்கள் மதுரைப் பக்கமிருந்தும் திருச்சிப் பக்கமிருந்தும் இந்த மலைக்கு வந்தபோது சாமிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சாமிகள் வந்து சேர்ந்தன, அவை குடியிருந்த மரங்கள் வரவில்லை. மாரியம்மனுக்கு வேம்பு வேண்டும். இந்தக் குளிரில் வேம்பு பிழைக்காது. திருவிழாவுக்கு வேப்பிலை இன்றைக்கும் கீழே இருந்து பஸ்ஸில்தான் வருகிறது, அதுவும் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு. பேயை இறக்கி ஆணியடிக்கப் புளியமரம் வேண்டும், அதுவும் இல்லை. ஆகவே நம் சாமிகள் கிடைத்த மரத்தில் ஏறிக்கொண்டன. சவுக்கில் ஒரு மாடசாமி, பலாவில் ஒரு காளி. ஒன்பதாம் நம்பர் மலை வளைவில், வெள்ளைக்காரன் விறகுக்கு நட்டுவிட்டுப் போன அந்த டர்பன்டைன் மரத்தில் மட்டும் யாரும் இல்லை. நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம், மழை பெய்தால் தைலம் மணக்கும். இடம் காலியாக இருந்தது. அதற்கு ஆள் எடுத்தவன் நான்.

அப்போது ஒரு கண்டாக்கு இருந்தார். மலையில் வேலையைப் பார்க்கிற உத்தியோகம். அவர் பார்த்ததெல்லாம் பெண்கள் எப்போது முதுகை நிமிர்த்துகிறார்கள் என்பதைத்தான். அந்த மரத்துக்குப் பின்னால் ஒற்றைக் காலை ஊன்றி மறைந்து நிற்பார். யாராவது ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தால் பாய்ந்து வருவார். நானும் என் கூட்டாளி செல்வராசுவும் அவருக்குக் கொக்கு என்று பேர் வைத்திருந்தோம். எங்கள் இரண்டு பேருக்குள் மட்டும் இருந்த பேர் அது. வெளியே தெரிந்தால் தோல் உரிந்துவிடும். ஒருநாள் உன் அம்மா லெச்சுமி, அப்போது அவளுக்குப் பதினைந்து வயசு, காலில் ஏறின அட்டையைப் பிடுங்க உட்கார்ந்தாள். கொக்கு வந்து எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி ஏசி, அவள் கூடையைக் காலால் உதைத்துக் கவிழ்த்தார். இரத்தம் வழிகிற காலோடு அவள் கொழுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மரத்தைச் சுற்றி வேலி போட எனக்கு அதிகாரம் இல்லை. சாமி போட அதிகாரம் தேவையில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் செல்வராசுவும் ஊற்றுத் தண்ணீர் பீலியாய் விழுகிற இடத்திலிருந்து மூன்று கல் தூக்கி வந்தோம். நடுவில் இருந்தது தோசைக்கல் மாதிரித் தட்டை. அக்காவின் டப்பாவிலிருந்து குங்குமம் எடுத்துப் பூசி, தேயிலைச் செடி வெட்டுகிற பழைய கவ்வாத்துக் கத்தி ஒன்றை முன்னால் குத்தி, அதில் எலுமிச்சம்பழம் செருகினோம். சேட்டை செய்கிறவனுக்குக் கையெழுத்துப் போடாமல் தூக்கம் வராது, உனக்கே தெரியும். பவுடர் டப்பா மூடி ஒன்றில் ஆணியால் ‘கண்டாக்கு அய்யாவுக்கு வணக்கம்’ என்று கீறி, நடுக்கல்லுக்குக் கீழே வைத்தேன். செல்வராசு சிரித்துச் சிரித்துத் தேயிலைக்குள் விழுந்தான்.

மறுநாள் கொக்கு வழக்கம்போல மரத்துக்குப் பின்னால் வந்து நின்றார். கொழுந்துச் சாக்கு தூக்க வந்த நான் சாக்கைப் போட்டுவிட்டு ஆடத் தொடங்கினேன். கண்ணைச் செருகி, நாக்கைத் துருத்தி, திருவிழாவில் பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டேன்.

“எவன்டா அது, என் எல்லையில சப்பாத்துக் காலோட நிக்கிறது? டேய் கொக்கு! ஒன்ன நான் மூனு நாளா பாத்துக்கிட்டு இருக்கேன்டா!”

ஒரு சப்பாத்தைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விட்டுவிட்டு அவர் ஓடினார். அந்த இடத்தில் நான் சிரிப்பதாகத்தான் ஏற்பாடு. பெண்களும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், முப்பது பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மண்ணில் கிடந்தார்கள். உன் அம்மா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு என் காலில் விழுந்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அதுவரை என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. வால் முளைக்காத குறைதான் என்று எல்லாரும் சொல்லிய என்னைப் பார்த்து ஒருத்தி கைகூப்பியபோது, தொண்டைவரை வந்த சிரிப்பை விழுங்கினேன். அது இன்னமும் உள்ளேதான் கிடக்கிறது.

அதற்கப்புறம் நான் ஒன்றும் செய்யவில்லை, மகனே. மரத்தை அவர்களே வளர்த்தார்கள். சப்பாத்தோடு யாரும் அந்த வளைவைத் தாண்டுவதில்லை. தோட்டத்துத் துரையின் ஜீப்கூட மெதுவாகப் போகும். பிள்ளையில்லாதவர்கள் சேலைக் கிழிசலில் ஒரு கூழாங்கல்லை வைத்துத் தொட்டிலாகக் கட்டினார்கள். பேய் பிடித்த பெண்ணை நடத்திக் கூட்டிவந்து, உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்து, அதை மரத்தில் வைத்துப் பூசாரி ஆணி அடித்தார். அவள் பயம் மரத்துக்குப் போயிற்று, அவள் வீட்டுக்குப் போனாள். கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கத்தியெல்லாம் அங்கே வைத்துச் சேவல் கொடுத்தார்கள். அன்றைக்கு முதல் விபூதி எனக்கு. உடைத்த முதல் தேங்காய்மூடி எனக்கு. முனி இறங்கின ஆள் அல்லவா! உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டதே அதனால்தான். அவள் வீட்டில் வேண்டாம் என்றார்கள். “முனி தொட்ட ஆளு, என்னையக் கைவிட மாட்டாரு” என்று அவள் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

எங்கள் கல்யாணத்துக்கு முள்முருங்கைக் கம்புதான் நட்டோம், அரசாணிக்கால். தேயிலைக்கு நிழலுக்கு நிற்கிற அதே மரம்தான், கல்யாணத்துக்கு வந்தால் கல்யாண முருங்கை ஆகிவிடும். சடங்கு முடிந்ததும் லயத்துக்குப் பின்னால் அதை ஊன்றிவிட்டுத் துளிர்க்கிறதா என்று பார்ப்பார்கள். துளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்று கணக்கு. ஒன்பதாம் நாள் துளிர்த்தது. உனக்குப் பிள்ளைப் பிராயத்தில் ஊஞ்சல் கட்டினது அதில்தான். ஆனால் ஆறு வருசம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. அம்மா ஒன்பதாம் நம்பர் மரத்தில் தொட்டில் கட்டினாள். நான் பக்கத்தில் நின்று முடிச்சைப் பிடித்துக் கொடுத்தேன். சொல்லியிருக்கலாம். “லெச்சுமி, இந்தக் கல்ல நான்தான் தூக்கியாந்தேன்” என்று ஐந்து சொல். சொல்லவில்லை. நீ பிறந்தாய், முனியாண்டி என்று பேர் வைத்தாள். உனக்கு நாலு வயசில் காய்ச்சல் வந்து உடம்பு வெட்டி வெட்டி இழுத்தபோது நான் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிப்போய் விழுந்ததும் அதே மூன்று கல்லின் முன்னால்தான். எந்தப் பீலியில் பொறுக்கின கல் என்று தெரியும். தெரிந்தும் கும்பிட்டேன். பிள்ளைக்கு இழுக்கும்போது அப்பனுக்கு எது கல் எது சாமி என்று பார்க்க நேரமில்லை.

ஒருமுறை அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே அவள் கேட்டாள்.

“ஏங்க, அன்னிக்கு முனி அந்தக் கண்டாக்கக் கொக்குன்னு ஏசிச்சே. அந்தப் பேரு முனிக்கு எப்புடிங்க தெரிஞ்சிச்சு?”

“முனிக்குத் தெரியாதது உண்டா?” என்றேன்.

“ம்,” என்றாள். “நானுந்தான் கேள்விப்பட்டேன், முனிக்கும் செல்வராசு அண்ணனுக்கும் மட்டுந்தான் அந்தப் பேரு தெரியும்னு.”

நான் சிரித்தேன். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அத்தோடு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. அது கேலியா கேள்வியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். நீ கொழும்புக்குப் போய் ஒரு வருசம் கழித்து மரத்தின் ஒரு பக்கம் பட்டுப்போயிற்று. லயத்துக்குப் போகிற பாதைமேல் நீட்டிக்கொண்டிருந்த பெரிய கிளையில் இலையே இல்லை. தோட்டத்திலிருந்து வாள் மெசினோடு ஆட்களை அனுப்பினார்கள். சனம் மறித்தது. புதிதாக வந்த துரை நல்ல மனிதர், சிங்களத்தில் தன்மையாகச் சொன்னார், கிளை விழுந்தால் ஆள் சாகும் என்று. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முனியின் ஆள் என்ன சொல்கிறான் என்று. ஐம்பத்து மூன்று வயசில், நாக்கைத் துருத்திக்கொண்டு நான் மறுபடியும் ஆடினேன். “என் கைய வெட்டுறவன் குடும்பம் வெளங்காதுடா!” என்றேன். வாள்காரப் பையன்கள் மெசினை அணைத்துவிட்டுப் போனார்கள். முதல் ஆட்டத்துக்காவது ஒரு நியாயம் இருந்தது, ஒருத்தியின் கூடை கவிழ்ந்தது. இரண்டாவது ஆட்டத்துக்கு என்ன நியாயம்? மரம் போனால் எனக்கு யார் முதல் விபூதி தருவார்கள் என்ற பயம், அவ்வளவுதான். கொழுந்துச் சாக்கு தூக்கியே முதுகு வளைந்தவனுக்கு அந்த ஒரு நாள்தான் நிமிர்ந்து நிற்கிற நாள். அந்த நிமிர்வை விடமுடியவில்லை.

உனக்கு வேலை கிடைத்தால் நீயே வந்து வெண்கல மணி கட்டுவாய் என்று அம்மா வேண்டியிருந்தாள். பொங்கலுக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. வருசப் பிறப்புக்கு என்றாய். “முனிக்கு என்னம்மா அவசரம், அது எங்கயும் போகாதே” என்று நீ போனில் சொன்னபோது அவளும் சிரித்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். நீ சொன்னதில் குற்றமே இல்லை. என் பிள்ளை என்னை மாதிரிப் பேசினான், அவ்வளவுதான். மே மாதத்து மழைக்காற்றில், வேலை முடிந்து வருகிற வழியில், ‘பிள்ளை வந்திருவான், பொறுத்துக்க’ என்று சொல்ல அவள் ஒரு விளக்கோடு அந்த வளைவில் நின்றாள். கூட வந்த பெண்கள் நாலு எட்டு முன்னால் போயிருந்தார்கள். கிளை முறிகிற சத்தம் லயத்தில் இருந்த எனக்குக் கேட்டது. பட்டுப்போன அதே கிளை. நான் ‘என் கை’ என்று சொல்லிக் காப்பாற்றிய கிளை.

எட்டாம் நாள் காரியத்தில் பூசாரி எல்லார் முன்னாலும் சொன்னார்: “நேத்திக்கடன வச்சிக்கிட்டு இழுத்தடிச்சாங்க. முனி கேட்டு வாங்கிக்கிச்சு.” நீ தலையைக் குனிந்தாய். உன் கழுத்து முறிந்துவிட்டது போலக் குனிந்தாய். நான் உனக்கு எதிரே, ஒரு பாய் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. முழுத் தோட்டமும் உட்கார்ந்திருந்தது. நான் விழுங்கினேன், முனீஸ். பதினாறு வயசில் சிரிப்பை விழுங்கினவன், ஐம்பத்து நாலில் உன்னை விழுங்கினேன். கருமாதி முடிந்து நீ தனியாகப் போய் மணியைக் கட்டிவிட்டு, அப்படியே பஸ் ஏறினாய். அதற்கப்புறம் இந்த வாசலை மிதிக்கவில்லை. காற்றடித்தால் அந்த மணி லயம்வரை கேட்கிறது. இங்கே காற்றடிக்காத நாள் ஏது?

கல்யாணம் செய்யப்போகிற மகனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. தர்ஷினி உன்னைப் பெரியவனாக நினைத்துப் பார்க்கிற நாள் வரும். அந்தப் பார்வை ஒரு பொய்யால் வந்ததாக இருந்தால், அன்றைக்கே சொல்லிவிடு. மறுநாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம். முப்பது வருசம் கழித்துச் சொல்ல ஆள் இருக்கமாட்டாள்.

உன்னிடம் மட்டும் சொல்லி ஒளிந்துகொள்ளக்கூடாது என்று வெள்ளிக்கிழமை காலையில் பெரட்டுக்களத்துக்குப் போனேன். வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் நிற்கிற நேரம். இந்தக் கடிதத்தில் உள்ளதைச் சத்தமாகச் சொன்னேன். கல், குங்குமம், கொக்கு, வாள் மெசின், எல்லாம். என்ன நடந்தது தெரியுமா? கல்லெறிவார்கள் என்று போனேன். ஒருவரும் நம்பவில்லை.

“பொஞ்சாதி போனதுல மனுசனுக்குப் புத்தி தடுமாறிடுச்சு,” என்றாள் முத்தம்மா.

“மாமா, சும்மா பகிடி விடாதீங்க,” என்றான் செல்வராசுவின் மகன்.

பூசாரி வந்து என் நெற்றியில் விபூதி பூசினார். “முனிதான் இவர வச்சி நம்மளச் சோதிக்குது. யாரும் மனசத் தளர விடாதீங்க,” என்றார். முதல் விபூதி! அப்போதும் எனக்குத்தான். பொய்யாய் ஆடினபோது காலில் விழுந்த சனம், நிசத்தைச் சொன்னபோது தோளைத் தட்டிக் கூட்டிவந்து வீட்டில் விட்டது. செல்வராசுவும் செத்துப்போனான், சாட்சி இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அடுப்படியில் உன் அம்மா உட்காருகிற பலகையில் உட்கார்ந்து அழுதேன்.

அவர்கள் நம்பாவிட்டால் போகட்டும். அவர்களுக்கு அந்த மரம் வேண்டியிருக்கிறது, அவர்கள் பயத்தையும் ஆசையையும் அதில் ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். பிடுங்க நான் யார்? காய்ந்த கிளைகளை மட்டும் வெட்டச் சொல்லித் துரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த முறை வாளுக்கு முன்னால் நான் நிற்கமாட்டேன். நம்ப வேண்டியவன் நீ ஒருவன்தான்.

நடுக்கல் அதே இடத்தில் இருக்கிறது. நாற்பது வருசத்துக்கும் மேலான எண்ணெயும் குங்குமமும் ஏறி மண்ணோடு ஒட்டிக்கிடக்கிறது. நான் தொடவில்லை. தொட்டால் இப்போதுதான் கொண்டுவந்து வைத்தேன் என்று நீ நினைக்கக்கூடும். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கற்களைக் கழுவி மஞ்சள் பூசினவள் உன் அம்மா. அந்தக் கல்லை அசைத்திருக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். கல்லுக்குக் கீழே அந்தப் பவுடர் டப்பா மூடி இருந்தால் நான் சொன்னது உண்மை என்று உனக்குத் தெரிந்துவிடும். மூடி இல்லையென்றால் அவள் எப்போதோ எடுத்துவிட்டாள். எல்லாம் தெரிந்தே எனக்கு ரொட்டி சுட்டுப் போட்டிருக்கிறாள், தெரிந்தே உனக்காக விளக்கு வைத்திருக்கிறாள். அப்படியானால் அவள் பேசிக்கொண்டிருந்தது என் முனியோடு இல்லை. யாரோடு என்று எனக்குத் தெரியாது. எது என்றாலும் அவளைக் கொன்றது காய்ந்த மரமும் உன் அப்பனின் வாயும். உன் மணி இல்லை.

அந்தக் கல்லைத் தனியாகப் புரட்டிப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது, மகனே. ஊரையே பயமுறுத்தினவன் எழுதுகிறேன். நீ வா. தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு பகலில் வா. சப்பாத்துக் காலோடே வந்து நில். நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன், நீ ஒரு பக்கம் பிடி. பார்த்த பிறகு என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று நீ சொன்னால் அதற்கும் நான் தயார். போகும்போது லயத்துக்குப் பின்னால் உள்ள முள்முருங்கையில் அரசாணிக்காலுக்கு ஒரு கம்பு மட்டும் வெட்டிக்கொண்டு போ. அதில் யாரும் குடியிருக்கவில்லை. ஊன்றினால் துளிர்க்கும்.

அப்பா